சொன்ன பேச்சு கேட்காத அம்பு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு வராந்தாவில் ஒரு பழைய தையல் மெஷின் மேஜை கிடக்கிறது. மெஷின் எப்போதோ போய்விட்டது, மேஜை மட்டும் மிச்சம். சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் வில்வித்தைத் திடலிலிருந்து ஓடிவந்து அம்புகளை அதன்மேல் கொட்டுவார்கள். “அங்கிள், இந்த அம்பு எப்பவும் கீழேயே போகுது.” “அங்கிள், முனை இலக்குப் பொதிக்குள்ளேயே நின்னுடுச்சு.” “அங்கிள், இறகு பிய்ஞ்சு வருது.” கேள்விகள் மாறுவதே இல்லை, கேட்கும் பிள்ளைகள்தான் மாறுகிறார்கள். அதனால் பதில்களை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் சிலர் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். எந்த எடைக் குண்டு தங்கள் ரைபிளுக்கு ஒத்துப்போகும் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உள்ள நம் மலேசியாவில் வீட்டு மேஜையில் அந்த வேலைக்கெல்லாம் இடமில்லை. ஆனால் அதே பைத்தியம் பிடித்தவர்களுக்கு அம்பு இருக்கிறது. தண்டு, முனை, நாணில் மாட்டும் நாக், இறகு என்று நான்கையும் தனித்தனியே வாங்கி, எடை பார்த்து, ஒட்டி, எய்து பார்த்து, மறுபடி பிரிக்கலாம். கிரெயின் என்ற எடை அளவுகூட இரண்டுக்கும் பொது. ஒரு கிரெயின் என்றால் 0.065 கிராம்.

கீழே வருவதெல்லாம் வலக்கைக்காரர், ரிகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த) வில், விரலால் நாண் இழுப்பவர், கார்பன் தண்டு என்ற கணக்கில் எழுதியது. இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். எல்லாம் இலக்கு அட்டையை நோக்கி எய்வதற்குத்தான்.

பன்னிரண்டில் ஒன்று மட்டும் ஓடிப்போகிறது

எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அம்பு விலகினால் பிள்ளைகள் உடனே தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். போன வருஷம் பதினான்கு வயசுப் பெண் பிள்ளை ஒருத்தி ஒரு மாதம் முழுக்கத் தான் நாணை விடும் விதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாள். தோளை இறக்கினாள், முழங்கையை ஏற்றினாள், கடைசியில் அழுதே விட்டாள். “உன் அம்புக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கியாம்மா?” என்று கேட்டேன். இல்லை.

முதல் வேலை அதுதான். அழியாத மை மார்க்கரால் ஒவ்வொரு அம்பின் இறகிலும் 1 முதல் 12 வரை எண் போடுங்கள். போட்டிக்குப் போகிறவர்கள் தண்டில் பெயரோ முதலெழுத்தோ எழுதியாக வேண்டும் என்பது விதி, அதோடு எண்ணையும் சேர்த்து எழுதினால் வேலை முடிந்தது. அப்புறம் ஒரு தாளில் வட்டம் வரைந்துகொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் எந்த எண் எங்கே குத்தியது என்று குறியுங்கள். ஆறு சுற்றாவது வேண்டும். விலகும் அம்பின் எண் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தால் குறை உங்களிடம். ஒரே எண் ஒரே பக்கம் போய்க்கொண்டிருந்தால் குறை அம்பிடம். அந்தப் பெண்ணின் தாளில் 7ஆம் எண் ஆறு சுற்றிலும் இடது கீழே நின்றது.

எண் தெரிந்த பிறகு நாக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாக் என்பது நாணில் மாட்டும் பிளவுள்ள பிளாஸ்டிக் முனை. எங்கள் பிள்ளைகள் ‘நாக்கு’ என்றே சொல்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பிளவின் அடிப்பகுதியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாது, சாய்த்து அடித்தால் வெள்ளைக் கோடாக மின்னும். 7ஆம் அம்பில் அந்தக் கோடு இருந்தது. வேறொரு அம்பு வந்து பின்னால் முட்டியிருக்க வேண்டும். இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கூடப் பெறாத ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக ஒரு மாத அழுகை. விரிசல் விட்ட நாக்கை ஒட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள். நாண் விடும்போது அது உடைந்தால் அம்பு இல்லாமல் வெறும் வில்லை விட்ட மாதிரி ஆகும். லிம்ப் (வில்லின் வளையும் கை) பிளக்கும், உங்கள் கன்னத்துக்கும் உத்தரவாதம் இல்லை.

நாக் நன்றாக இருந்தால் இறகு. மூன்றில் ஒன்றின் ஓரம் கிழிந்திருக்கலாம், சுருண்டிருக்கலாம். அப்புறம் முனையை உள்ளங்கையில் ஊன்றி அம்பைச் சுண்டிச் சுற்றுங்கள். நேரான அம்பு பம்பரம் தூங்குகிற மாதிரி சத்தமில்லாமல் நிற்கும். முனை கோணலாக ஒட்டப்பட்டிருந்தாலோ தண்டின் வாய் நசுங்கியிருந்தாலோ உள்ளங்கையில் அதிர்வு தெரியும். கண்ணைவிடக் கைக்கு அது சீக்கிரம் தெரிந்துவிடும்.

அடுத்தது எடை. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும், தங்கம் நிறுக்கிற மாதிரி. பன்னிரண்டையும் நிறுத்து எண்ணுக்கு நேரே எழுதுங்கள். என் சொந்த அம்புகளில் ஒன்று மற்றவற்றைவிட 0.7 கிராம் கூடுதலாக இருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. காரணமும் நான்தான். கழன்ற முனையைத் திரும்ப ஒட்டும்போது பழைய பசையைச் சுரண்டாமல் மேலேயே புதுசைத் திணித்திருக்கிறேன். 0.7 கிராம் என்பது கிட்டத்தட்ட 11 கிரெயின். 18 மீட்டரில் இதனால் ஒரு செ.மீ. அளவுதான் தாழும், யாருக்கும் தெரியாது. 70 மீட்டருக்குப் போனால் என் வில்லின் வேகத்துக்கு 15 செ.மீ.க்கு மேல் தாழ்கிறது. அந்தத் தூரத்து 122 செ.மீ. அட்டையில் பத்து புள்ளி வட்டத்தின் குறுக்களவே 12.2 செ.மீ.தான். லண்டன் ஒலிம்பிக்கில் 2012இல் கைருல் அனுவார் முகமது, செங் சூ சியான், ஹசிக் கமாருடின் மூவரும் நம் நாட்டுக் குழுவாக நின்று எய்தது இந்த 70 மீட்டர்தான். அந்த வட்டத்தை நினைத்துக்கொண்டு என் பசை உருண்டையைப் பார்த்தபோது வெட்கமாகத்தான் இருந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் அம்பு விலகினால், தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. கார்பன் தண்டு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாது, ஒரு பக்கம் சற்று விறைப்பாக இருக்கும். நாக்கை மூன்றில் ஒரு சுற்று திருப்பி, வேறொரு இறகு வெளிப்பக்கம் வருமாறு வைத்து எய்து பாருங்கள். இன்னும் விலகினால் இன்னொரு மூன்றில் ஒரு சுற்று. மூன்று நிலைகளில் ஒன்றில் அது கூட்டத்தோடு சேர்ந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மூன்றிலும் சேராத அம்பை நான் பயிற்சிக் கூடையில் போட்டுவிடுவேன்.

மொட்டை அம்பு ஒரு பக்கம், இறகு அம்பு ஒரு பக்கம்

உங்கள் தண்டும் முனையும் வில்லுக்குப் பொருத்தமா என்று அறிய இதைவிட மலிவான சோதனை கிடையாது. ஒரே மாதிரி அம்புகளில் இரண்டில் இறகை நீக்கி மொட்டையாக்குங்கள். 18 மீட்டரில் இறகுள்ள மூன்றும் மொட்டை இரண்டும் எய்யுங்கள். இறகு என்பது பறக்கும் அம்பின் தவறுகளைத் திருத்தி மறைத்துவிடும். மொட்டை அம்புக்கு மறைக்கத் தெரியாது. ஒரு நிபந்தனை, உங்கள் இறகு அம்புகள் முதலில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழ வேண்டும். அதற்கு மேல் சிதறுகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்தால் மொட்டை அம்பு நாளொரு கதை சொல்லும்.

மொட்டை இடப்பக்கம் போனால் அம்பு உங்கள் வில்லுக்கு விறைப்பு. வலப்பக்கம் போனால் தொய்வு. விரலிலிருந்து நாண் உருண்டு விடுபடும்போது அம்பு நேராகக் கிளம்புவதில்லை, மீன் போல வளைந்து வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த வளைவு வில்லின் பலத்துக்குச் சரியாக இருந்தால்தான் பாதை நேராகும். இந்த விறைப்புக்கு ‘ஸ்பைன்’ என்று பெயர். தண்டில் 500, 700, 1000 என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் தண்டை வைத்து நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால், அது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தொய்கிறதோ அதுவே எண். 500 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. எண் பெரிதானால் தண்டு தொய்வு. இதை மட்டும் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள்.

எண் அழிந்துபோன பழைய தண்டா? பலகையில் இரண்டு ஆணி, 880 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டில், ஒரு ஸ்கேல், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகளின் அம்பு 28 அங்குலத்துக்குக் குறைவாக வெட்டியிருக்கும், தாங்கியில் நிற்காது. அப்போது தாங்கிகளை 23 அங்குலத்தில் வைக்கிறேன். தொய்வு இடைவெளியின் மும்மடிப்படி குறைவதால் 28இல் தெரிவதில் சுமார் 0.55 பங்குதான் 23இல் தெரியும். 700 எண் தண்டு அங்கே 10 மி.மீ. பக்கம் காட்டும்.

ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன், கடையின் பெயர் வேண்டாம். மகனுக்குப் பன்னிரண்டு வயது, வில்லின் இழுவிசை 24 பவுண்டு. கடையில் 500 எண் தண்டைக் கொடுத்து, “வளர்ந்ததும் இதுவே உதவும்” என்றிருக்கிறார்கள். பள்ளிச் சீருடை வாங்குகிற கணக்கு. மொட்டை அம்பு அட்டையின் நடு மஞ்சளை விட்டு இடது ஓரம் கறுப்புக்கே போய்விட்டது. அப்பா கேட்டார், “ஏதாவது அட்ஜஸ்ட் பண்ண முடியாதா, அண்ணே?” கனமான முனை போட்டோம், பிளஞ்சர் (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் பொத்தான்) ஸ்பிரிங்கைத் தளர்த்தினோம், இரண்டு வளையம் உள்ளே வந்தது, அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு வேண்டியது 1000 பக்கம் உள்ள தண்டு. வாங்கிய அன்றே மொட்டை சேர்ந்தே விழுந்தது.

திருத்தும் வரிசையைச் சொல்கிறேன். எதையும் தொடுமுன் நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 68 அங்குல வில்லுக்கு 21.5 முதல் 23 செ.மீ. வழக்கம். புது நாண் சில நாளில் நீண்டு, இடைவெளி தானாகக் குறைந்திருக்கும். நாணை முறுக்கி அதைச் சரிசெய்த பிறகே மற்றது. விறைப்பு என்றால் பிளஞ்சர் ஸ்பிரிங்கைத் தளர்த்து, லிம்ப் திருகில் கொஞ்சம் பவுண்டு கூட்டு, கனமான முனை போடு. தொய்வு என்றால் ஸ்பிரிங்கை இறுக்கு, பவுண்டைக் குறை, லேசான முனை போடு, கடைசியில் தண்டைக் கால் அங்குலம் வெட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி எய்து, எழுதிவைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று என்னிடம் கேட்டால் எனக்கும் தெரியாது. வெட்டுவது ஏன் கடைசி என்றால், வெட்டின தண்டு வளராது. விறைப்பான அம்பை வெட்டினால் இன்னும் விறைக்கும்.

முனைத் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கிக்காரர்கள் குண்டு எடையைப் பற்றிச் சண்டை போடுவது போல எங்கள் ஆட்கள் 80 கிரெயினா 100 கிரெயினா 120 கிரெயினா என்று தே தாரேக் ஆறும்வரை பேசுவார்கள். கனமான முனை இரண்டு காரியம் செய்கிறது. தண்டைத் தொய்வாக நடக்கவைக்கும், எடையை முன்பக்கம் தள்ளி அம்பைக் காற்றில் நிலையாக்கும். எவ்வளவு முன்பக்கம் என்பதற்குக் கணக்கு உண்டு. நாக்கின் பிளவிலிருந்து தண்டின் நுனிவரை அளந்து (முனை சேராமல்) பாதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விரல்மேல் வைத்து அம்பு சமநிலையில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். என் அம்பு 29 அங்குலம், பாதி 14.5. சமநிலை 18.25இல். வித்தியாசம் 3.75. அதை 29ஆல் வகுத்தால் சுமார் 13 சதவீதம். ரிகர்வ் இலக்கு அம்புக்கு 11 முதல் 16 வரை நல்லது என்பார்கள். அதற்கும் கீழே இருந்தால் சிலாங்கூர் பக்கத் திறந்த திடல்களில் மழைக்கு முன் அடிக்கும் காற்றில் அம்பு வால் ஆட்டும். மேலே போனால் நிலையாகத்தான் போகும், ஆனால் கனம் கூடுவதால் நெடுந்தூரத்தில் சீக்கிரம் தாழும். பலம் குறைந்த வில்லில் 70 மீட்டருக்குக் குறிபார்க்கும் கருவி கீழே முட்டிக்கொண்டு இடமில்லாமல் போவது இதனால்தான். என் தேர்வு 100. நண்பர் ஒருவர் 120க்குக் குறைந்து தொடமாட்டார், சாகும்வரை ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

லேசான பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எல்லை உண்டு. அம்பின் மொத்த எடை வில்லின் ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் வில்லின் கையேடு அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் கையேடு சொல்வதுதான் சட்டம்.

அம்பு மேலும் கீழும் குதித்துக்கொண்டு போகிறது

இது நாணில் அம்பு மாட்டும் இடத்தின் உயரம். மொட்டை அம்பு இறகு அம்புக்கு மேலே குத்தினால் அந்த இடத்தைக் காட்டும் நாண் முடிச்சு தாழ்ந்திருக்கிறது, ஏற்றுங்கள். கீழே குத்தினால் முடிச்சு உயர்ந்திருக்கிறது, இறக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர். மொட்டை சரிசமமாகவோ ஒரு சின்ன அளவு கீழேயோ நின்றால் விட்டுவிடுங்கள். இந்தத் திருத்தத்தை இடம் வலம் பார்ப்பதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். பித்தளை வளையம் போட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பல் சுத்தம் செய்யும் நூலால் கட்டிக்கொண்டால் நகர்த்துவது சுலபம்.

வால் இடம் வலமாக ஆடுகிறது, இறகில் கீறல்

மொட்டைச் சோதனையில் எல்லாம் சரி, ஆனாலும் வால் ஆடுகிறது என்றால் இறகு எங்கேயோ இடிக்கிறது. அம்பு உட்காரும் ரெஸ்டிலா, கைப்பிடியிலா என்று கண்ணால் பார்க்க முடியாது, அவ்வளவு வேகம். முகத்துக்குப் போடும் பவுடரை இறகுகளிலும் ரெஸ்ட் பக்கத்திலும் தூவி ஓர் அம்பு எய்யுங்கள். எங்கே பவுடர் அழிந்திருக்கிறதோ அங்கே இடி. ஒரு பையன் பவுடர் கிடைக்காமல் பத்துமலைக்குப் போய்வந்த பையிலிருந்து விபூதியைத் தூவிவிட்டான். கோடு தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனால் அவன் பாட்டி அன்று என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை, அதனால் பவுடர்.

இடி இருந்தால் நாக்கைக் கொஞ்சம் திருப்பினாலே பெரும்பாலும் இறகு தப்பிவிடும். ரெஸ்டின் கம்பி அம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதை உள்ளே தள்ளுங்கள். இன்னும் இடித்தால் உயரம் குறைந்த இறகு.

முனை பொதிக்குள் தங்கிவிடுகிறது

அம்பை உருவினால் வெறும் தண்டு கையோடு வருகிறது, முனை உள்ளே. இதற்குக் காரணம் வெயில், உராய்வு, அழுக்கு மூன்றும் கலந்தது. முனையை உருகுபசையால்தான் ஒட்டுகிறோம், ஏனென்றால் பிறகு கழற்றி எடையை மாற்ற வேண்டியிருக்கும். அடர்த்தியான ஃபோம் பொதியில் அம்பு நுழையும்போதும் உருவும்போதும் தண்டு சூடாகிறது. நிறுத்திவைத்த கார் டிக்கியில் இரண்டு மணி நேரம் கிடந்த அம்பு என்றால் பசை ஏற்கெனவே இளகியிருக்கும். டிக்கியில் வைக்காதீர்கள் என்று நூறு தடவை சொல்லியாயிற்று. லிம்பும் ஒட்டுப்பசையால் ஆனதுதான், அதுவும் அங்கே கெடும்.

ஒட்டும் முறையில்தான் பாதித் தவறு. தண்டின் உட்புறத்தை ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பஞ்சு முதலில் கரியாக வரும், வெட்டிய கார்பன் தூள் அது. பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். முனையின் அடித்தண்டை நல்ல உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் துடைத்துக்கொள்ளுங்கள். பிறகு முனையின் மூக்கை இடுக்கியால் பிடித்து, நெருப்பில் முனையை மட்டும் காட்டுங்கள். கார்பன் தண்டை நெருப்பில் காட்டவே கூடாது, அதை இறுக்கிப் பிடித்திருக்கும் ரெசின் வெந்துவிடும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பசைக் குச்சி தொட்டவுடன் உருகும் அளவுக்குச் சூடு போதும், புகை வந்தால் அதிகம். அடித்தண்டு முழுக்க மெல்லிய பூச்சு, தண்டுக்குள் சுழற்றியபடியே தள்ளுங்கள். விளிம்பில் பிதுங்கும் பசையை ஆறுவதற்குள் துடைக்காமல், ஆறிய பின் நகத்தால் உரித்தால் சுத்தமாக வரும். கழற்ற வேண்டுமானால் கொதிநீரில் முனைப்பக்கத்தை மட்டும் அரை நிமிஷம் முக்கி இழுங்கள்.

உருவும்போது பொதியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, தண்டைப் பொதிக்கு அருகில் பிடித்து நேராக, நிதானமாக. வெடுக்கென்று இழுத்தால் சூடு. தண்டின் முன்பகுதியில் சோப்பை உலர்வாகத் தேய்த்துவைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இறகு உரிகிறது

இறகு ஒட்டும் சூப்பர் குளூ வகைப் பசை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது. நம் ஊர் ஈரத்தில் அது கண்மூடித் திறப்பதற்குள் பிடித்துவிடும், அதனால் இறகைப் பதித்த பிறகு நகர்த்திச் சரிசெய்ய நேரமே கிடையாது. அதிகம் ஊற்றினால் சுற்றிலும் வெள்ளை பூத்துப்போகும். பசையை மெல்லிய கோடாக, நூல் மாதிரி விடுங்கள். உரிவதற்கு முக்கியக் காரணம் விரல் எண்ணெய். ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோடு தண்டைத் தொட்டு ஒட்டினால் எந்தப் பசையும் நிற்காது. துடைத்த தண்டை மறுபடி தொடாமல் ஒட்டுங்கள், இறகின் இரு நுனிகளிலும் ஒரு சொட்டு கூடுதலாக வையுங்கள். நிஜப் பறவை இறகு வைத்து எய்பவர்கள் நாலு மணி மழைக்கு முன் பையில் வைத்துவிடுங்கள். நனைந்தால் படுத்துவிடும்.

நாக் நாணில் இறுக்கம், அல்லது வழுக்கிக் கழன்றுவிடுகிறது

அம்பை நாணில் மாட்டி, தரையைப் பார்த்துத் தொங்கவிட்டு, நாக்கிலிருந்து ஓரிரு அங்குலம் தள்ளி நாணை விரலால் சுண்டுங்கள். அம்பு தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், சுண்டியதும் விழ வேண்டும். சுண்டியும் விழாவிட்டால் இறுக்கம், விடும்போது அம்பைப் பிடித்து இழுக்கும். சுண்டாமலே விழுந்தால் தளர்வு, அது ஆபத்து. இழுக்கும்போது நாக் நாணிலிருந்து பின்வாங்கினால் வெறும் வில்லை விட்ட கதையாகிவிடும். நாணின் நடுவில் சுற்றியிருக்கும் நூலைத் தடிமன் மாற்றிச் சுற்றினால் இரண்டும் தீரும். நாக்கை அரத்தால் ராவாதீர்கள்.

வளைத்தால் ‘டிக்’ என்ற சத்தம்

இதற்குத் திருத்தம் இல்லை. ஒவ்வொரு நாளும் எய்யத் தொடங்குமுன்பும், அம்பு கட்டையிலோ இன்னொரு அம்பிலோ இடித்த ஒவ்வொரு முறையும், இரு நுனிகளையும் பிடித்து முகத்துக்கு விலக்கி லேசாக வளையுங்கள். கால் சுற்று திருப்பி மறுபடி வளையுங்கள். ஒரு முழுச் சுற்று வரை. பிறகு ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்குங்கள். சத்தமோ, விரலுக்குச் சொரசொரப்போ, ஓர் இடத்தில் மட்டும் ‘பொசுக்’ என்ற தளர்வோ தெரிந்தால் அந்த அம்பின் ஆயுள் முடிந்தது. விரிசல் விட்ட கார்பன் தண்டு விடும் நொடியில் நாணின் தள்ளில் பிளந்து, வில் பிடித்திருக்கும் கையில் ஈட்டியாக ஏறும். கார்பன் சிலும்பு சதைக்குள் உடைந்து நின்றால் வெளியே எடுப்பது பெரிய பாடு.

மகள் பரிசாக வாங்கிக் கொடுத்த அம்பு ஒன்று போன மாதம் அப்படி ‘டிக்’ என்றது. குப்பையில் முழுசாகப் போட்டால் எந்தப் பிள்ளையாவது எடுத்துக்கொண்டு ஓடிவிடும். முனையையும் நாக்கையும் கழற்றி எடுத்துவைத்தேன். தண்டின் நடுவில் டேப்பைச் சுற்றி, டேப்போடு சேர்த்து இரண்டாக உடைத்து, நுனிகளையும் சுற்றிப் பழைய பால்டின்னுக்குள் போட்டு மூடினேன்.